ஜெகதீசனின் கெண்டைக்கால்

ஜெகதீசன் என் தம்பி மகன். என் மகள் விஜியைக் கட்டியவனும் அவன்தான். எனக்கு அவன் இரண்டு வழியிலும் மருமகன். இன்றைக்கு நெமிலிச்சேரியில் அவன் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. "பூங்குழியில கால் போச்சே, அவன்" என்றால் உடனே தலையாட்டுவார்கள். என் எதிரில் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னால் நிறுத்தி வைத்துச் சண்டை போடுவேன். அந்தக் கால் பூங்குழி நெருப்பில் போகவில்லை. அதற்கு முன்பே போய்க்கொண்டிருந்தது. போகிறது என்று அது சொல்லிக்கொண்டேதான் இருந்தது, கேட்டவர்கள்தான் இல்லை.

அவன் சின்னப் பிள்ளையிலிருந்தே காலால் பேர் வாங்கியவன். கபடியில் அவன் காலைப் பிடித்தவன் மண்ணைத் தின்று எழுந்ததுதான் உண்டு. பட்டாபிராம், வேப்பம்பட்டு என்று எங்கே ஆட்டம் நடந்தாலும் கூட்டிக்கொண்டு போவார்கள். கெண்டைக்கால் இரண்டும் வரால் மீன் போல உருண்டு திரண்டு நிற்கும். படிப்பு ஏறவில்லை. கேஸ் ஏஜென்சியில் சேர்ந்தான். சிலிண்டரைத் தோளில் வைத்து மாடி ஏறுகிற வேலை. எங்கள் சனம் நாற்று நட்ட வயல்களில்தான் இப்போது அந்த மாடிகள் எல்லாம் நிற்கின்றன. அந்த நிலத்தில் எங்களுக்கு ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை, அதனால் அது போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. வயலில் குனிந்தோம், இப்போது மாடியில் ஏறுகிறோம். முதுகு அதேதான்.

லிஃப்ட் இருக்கிற கட்டடத்திலும் சிலிண்டரை அதில் ஏற்றக் கூடாது என்று பலகை மாட்டியிருப்பார்கள். அவன் அதற்கெல்லாம் அசரமாட்டான். மூன்றாவது மாடிக்கு ஒரே மூச்சில் போய் இறக்கிவிட்டு, காலி சிலிண்டரைச் சுழற்றிக்கொண்டு வருவான். கல்யாணமான புதிதில் விஜி என்னிடம் பெருமையாகச் சொல்லுவாள், "அவரு ஏறி வர்ற சத்தத்த வச்சே எந்த மாடின்னு சொல்லலாம்மா" என்று. எனக்குப் பேத்தி பிறந்ததும், அந்தக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, "கேஸு... கேஸு..." என்று கூவித் தெருவெல்லாம் ஓடுவான்.

வலி வந்தது பொங்கல் கழிந்து. இரண்டாவது மாடி ஏறும்போது வலது கெண்டைக்காலில் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. சிலிண்டரை இறக்கி வைத்துப் படியில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். எழுந்து ஏறினால் மறுபடியும் அதே இடத்தில் அதே முறுக்கு. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் அவன் படியில் உட்கார்ந்திருந்தபோது, மேலே குடியிருக்கிற விக்ரம் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் இறங்கி வந்தானாம். ஜெகதீசனே பிறகு வந்து சொன்னது இது.

"ஏங்க, கேஸ் வரலையேன்னு பார்த்துட்டே இருக்கேன். நீங்க இங்க ஜாலியா உக்காந்திருக்கீங்க?"

"ஜாலி இல்ல சார். காலு புடிச்சிக்கிச்சு. ரெண்டு நிமிசம் ஒக்காந்தா சரியாய்டும்."

"ரெண்டு நிமிஷத்துல சரியாப் போற வலி என்ன வலிங்க?"

வியாதி மொத்தமும் அந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருந்தது. கேட்டவனுக்கும் தெரியவில்லை, கேட்கப்பட்டவனுக்கும் தெரியவில்லை. விக்ரம் ஏஜென்சிக்குப் புகார் போட்டான். ஆள் படியில் உட்கார்ந்து பொழுது போக்குகிறான் என்று. கெட்ட பிள்ளை என்று நான் சொல்லமாட்டேன். பசியோடு இருந்திருப்பான், அடுப்பு அணைந்திருக்கும்.

ஏஜென்சியைப் பார்த்துக்கொள்கிற தங்கவேல் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான்: "இன்னாடா மாமே, கபடி வீரன் படிக்கட்டுல குந்திக்கினு கீறியாமே? ஊட்டுல பொண்டாட்டிய அனுப்பு, அவ தூக்கிக்கினு போவா."

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அடித்துக் கேட்ட பிறகுதான் எங்களிடம் வலியைச் சொன்னான். மெயின் ரோட்டு கிளினிக்குக்குப் போனான். அங்கே படுக்க வைத்துப் பாதத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, நாடி நன்றாக ஓடுகிறது, தசைப் பிடிப்புதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். படுத்தால்தான் வலி இல்லையே, படுக்க வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? இதை அன்றைக்கே கேட்கும் புத்தி எனக்கு இல்லை. நானும் விளக்கெண்ணெய் காய்ச்சி நீவி விட்டேன்.

விஜி எங்கள் வேம்புலியம்மன் கோவிலில் வேண்டிக்கொண்டாள். கால் வலி போனால் ஆடி மாதத் தீமிதியில் அவன் பூங்குழி இறங்குவான் என்று. வேண்டிய சில நாளில் தங்கவேல், பாவம் பார்த்தானோ புகாருக்குப் பயந்தானோ, அவனை மாடி ஏறுவதிலிருந்து எடுத்து வண்டி ஓட்டப் போட்டான். ஏறவில்லை, வலிக்கவில்லை. விஜி கற்பூரம் ஏற்றினாள்.

அப்புறம் இன்னொன்று நடந்தது. அதைப் பார்த்தவள் நான். ஒரு காலையில் அவன் குளித்துவிட்டு வரும்போது வலது கால் கட்டைவிரலை வாசற்படியில் இடித்துக்கொண்டான். நகம் பெயர்ந்து ரத்தம். அவன் பாட்டுக்கு உள்ளே போய்த் தலை துவட்டிக்கொண்டிருக்கிறான்.

"டேய், காலப் பாருடா!"

குனிந்து பார்த்தான். "அட, ஆமா" என்றான்.

நான் அந்தப் பாதத்தைத் தொட்டேன். வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவனின் பாதம் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. மற்ற பாதம் சூடாக இருந்தது. அன்றைக்கே ஆவடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர். காலைத் தொட்டதும் முகம் மாறிப்போனார்.

"பீடி எத்தன வருஷமா குடிக்கிற?"

"குடிக்கறதில்ல சார்."

"சிகரெட்?"

"இல்ல சார்."

"இந்த வயசுல காலுக்கு ரத்தம் போகலன்னா அது பீடிதான். மறைக்காம சொல்லு."

"கேஸு தூக்கறவன் சார் நானு. நான் பீடி பத்த வச்சா நானும் இருக்க மாட்டேன், அந்தத் தெருவும் இருக்காது."

டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்று, அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். காலுக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கும்போலிருக்கிறது, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், அங்கே படுக்க வைத்துப் படம் எடுப்பார்கள், தள்ளிப் போடாதே என்று. வெளியே வந்ததும் ஜெகதீசன் பீடியைப் பற்றியேதான் பேசினான். "எம் மூஞ்சியப் பாத்தா குடிக்கறவன் மாறியா கீது?" என்று பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கால் போகப் போகிறது என்கிற பேச்சை விட, தன்னைப் பொய்யன் என்றதுதான் அவனுக்குச் சுட்டது. மாதக்கணக்காகச் சோம்பேறி என்று கேட்டுக் கேட்டுப் புண்ணாகிப்போன மனசு.

வரும் வெள்ளிக்கிழமை கோவிலில் காப்புக் கட்டு.

எங்கள் ஊர் வழக்கம் இது. தீ மிதிக்கிறவர்கள் மஞ்சள் கட்டிய நூலைக் கையில் கட்டிக்கொண்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. வேறிடத்தில் படுக்கக் கூடாது. ஒருவேளைச் சாப்பாடு, வெறும் தரை. ஆஸ்பத்திரியில் படுப்பதென்றால் காப்புக் கட்ட முடியாது. காப்புக் கட்டினால் ஆஸ்பத்திரி கிடையாது.

நான் சொன்னேன்: "மொதல்ல ஆஸ்பத்திரி. அடுத்த வருசம் பூங்குழி."

விஜி அழுதாள். "வலி போச்சும்மா. கேட்டத குடுத்துட்டா. குடுத்த பொறவு ஏமாத்தச் சொல்றியா? கொழந்த கீற ஊடு."

"வலி போனதும் நல்லா ஆனதும் ஒண்ணாடி? நகம் பேந்தது அவனுக்கே தெரியல."

"அதான் சொல்றேன், வலியே இல்ல!"

இப்படிச் சொல்கிறவளிடம் என்ன பேசுவது? நான் கோவிலுக்கே போனேன். விழாவை நடத்துகிற ஜெயராமன் பந்தக்காலுக்குக் குழி தோண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காப்பு கட்டினவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர ஒரு வழி சொல்லு" என்றேன்.

"வழியே இல்லக்கா. எல்லை தாண்டி ஏதாச்சும் ஆனா நான் பொறுப்பில்ல."

"தாண்டாம ஏதாச்சும் ஆனா நீ பொறுப்பா?"

"அம்மா பொறுப்பு."

"அம்மாவுக்கு அவன் காலு வேணாம்டா. அவனுக்குத்தான் வேணும்."

பந்தல் போடுகிறவர்கள் சிரித்தார்கள். ஜெயராமன் கன்னத்தில் போட்டுக்கொண்டான், என் பாவம் அவனுக்கு ஒட்டாமலிருக்க.

வீட்டுக்கு வந்து ஜெகதீசனிடம் கடைசியாகக் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தே, திருவிழா முடியட்டும். காப்ப அவுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிதான், உம் மேல சத்தியம். ஒக்காந்தவன் ஒக்காந்தவன்னு எல்லாவனும் சொல்லிட்டான். இவன் காலு இன்னா காலுன்னு ஒரு தபா பாக்கட்டும்."

அவ்வளவு கெஞ்சலாகக் கேட்டால் நான் என்ன செய்வேன்? திட்டினேன். சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தேன். வெள்ளிக்கிழமை அவன் மஞ்சள் துணியோடு, கையில் காப்போடு வந்து என் காலில் விழுந்தான். எழுந்திரு என்று சொல்லவில்லை. விழுந்தவன் தானே எழுந்து போனான்.

தீமிதி அன்றைக்குக் கூட்டம் ரயில்வே கேட் வரைக்கும். வேப்பங்கொத்தோடு வரிசையாக இறங்கினார்கள். எல்லாரும் ஓட்டம்தான், சுடும் அல்லவா? ஜெகதீசன் ஓடவில்லை. வலது காலை நெருப்பில் நன்றாக ஊன்றி, இடது காலை மட்டும் வெடுக்கென்று எடுத்து வைத்து, தாங்கித் தாங்கி நடந்து போனான். கோடியில் பால் ஊற்றி வைத்த குழியில் இறங்கி நின்று, கூட்டத்தைப் பார்த்து, "வலது காலுல சூடே தெரில!" என்று கத்தினான்.

கூட்டம் குலவையிட்டது. ஜெயராமன் மைக்கில், "அம்மா அந்தக் காலத் தன் மடியில வச்சிக்கினா!" என்றான். பெண்கள் வந்து அந்தப் பாதத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதைத் தொட்டுப் பிள்ளைகள் நெற்றியில் வைத்தார்கள். தங்கவேல் மாலை போட்டான். விஜி அழுதுகொண்டே சிரித்தாள். ஜெகதீசன் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் அவன் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இடது பாதத்தில் சின்னக் கொப்புளம், ஆறிப்போனது. வலது பாதம் வெந்திருந்தது. காப்பு அவிழ்க்க இன்னும் நாள் இருந்தது. மஞ்சளும் திருநீறும் பூசினார்கள். கொப்புளம் உடைந்தது, ஓரம் கறுத்தது, கட்டைவிரல் ஊதா நிறமானது. அப்போதும் அவனுக்கு மேலே வலிக்கவில்லை, உள்ளேதான் ஏதோ கடிக்கிறது என்றான். நாற்றம் வந்த அன்றைக்கு நான் ஆட்டோவைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினேன். அவன் கையிலிருந்த காப்பை அரிவாள்மணையில் வைத்து நானே அறுத்தேன். விஜி வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம் வருமென்றால் எனக்கு வரட்டும், எனக்கு இன்னும் எத்தனை காலம்?

பெரிய ஆஸ்பத்திரியில் ராதிகா என்று ஒரு டாக்டரம்மா. அவர் பீடியைப் பற்றிக் கேட்கவே இல்லை, என்ன வேலை என்றுதான் கேட்டார். வலது காலைப் பார்த்தவர், அதை விட்டுவிட்டு நல்ல காலைப் பிடித்தார். பாதத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "கேஸ் வண்டி பிரேக்கை மிதிக்கிற மாதிரி முன்பாதத்தை அழுத்துங்க" என்றார். அழுத்தினான். "விடுங்க" என்றார். விட்டான். மறுபடி அழுத்தச் சொன்னார். பிறகு என் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். துடித்துக்கொண்டிருந்தது, அவன் அழுத்தியதும் நின்றுபோனது. விட்டதும் மறுபடி துடித்தது.

படம் எடுத்துப் பார்த்த பிறகு சொன்னார். முழங்காலுக்குப் பின்னால் ரத்தக் குழாய் போகிற வழியில், அவனுக்குப் பிறவியிலேயே ஒரு தசை இடம் மாறிப் பிடித்திருக்கிறதாம். கால் பலமாக ஆக ஆகத் தசையும் பருத்து, ஒவ்வொரு தடவை மாடி ஏறும்போதும் குழாயை நசுக்கியிருக்கிறது. நசுங்கி நசுங்கிக் குழாய் புண்ணாகி, உள்ளே ரத்தம் உறைந்து, உறைந்த கட்டி உடைந்து விரல்களுக்குப் போய் அடைத்திருக்கிறது.

ஜெகதீசன் கேட்டான்: "கேஸு டியூப் மேல சிலிண்டர வச்ச மாறியா டாக்டர்?"

"அதேதான்."

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்ல. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை."

அவன் சாய்ந்து படுத்துக்கொண்டான். காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். தீக்காயம் இல்லாமல் வந்திருந்தால் குழாயை மாற்றிப் பார்த்திருக்கலாமாம், இப்போது விஷம் மேலே ஏறுகிறதாம்.

எடுத்துவிட்டார்கள்.

ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? அம்மன் மடியில் வைத்துக்கொண்ட கால் என்று மஞ்சள் தண்ணீர் ஊற்றிய அதே பெண்கள், தீட்டோடு இறங்கியிருப்பான், அதுதான் எடுத்துக்கொண்டாள் என்றார்கள். பிறகு, அவன் மேல் தப்பில்லை, பொண்டாட்டி சுத்தமாக இருந்திருக்க மாட்டாள் என்றார்கள். விஜி குழாயடிக்குப் போவதை நிறுத்தினாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். என்னிடம் யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் நல்லது, எனக்கு அன்றைக்கெல்லாம் யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். இடது காலிலும் அதே தசைதான். இன்னும் குழாய் கெடவில்லை, கெடுவதற்குள் வந்து அறுத்து விட்டுக்கொள்ளுங்கள் என்று. ஜெகதீசன் கேட்கவில்லை. "ஒண்ணு போச்சி. கீறதுலயும் கத்தி வெக்கணுமா? நீ பேசாம இரு அத்தே" என்பான். நான் பேசாமல் இருப்பேனா? காலையில் கஞ்சி கொடுக்கும்போது சொல்லுவேன், சாயங்காலம் சொல்லுவேன். அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு காட்டுவான். விஜி இரண்டு பக்கமும் பேசமாட்டாள். வேண்டிக்கொண்ட வாய் என்று அதைப் பூட்டிவிட்டாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒருநாள், பேத்தியைப் பால்வாடியில் விட்டுவிட்டு வருகிறேன். எதிரில் அவன் கட்டையை ஊன்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறான். மொத்த உடம்பையும் அந்த இடது காலே தாங்கித் தள்ளிக்கொண்டு போனது. ரேஷன் கடைக்குப் பக்கத்தில் நின்றான். சுவரைப் பிடித்தான். பல்லைக் கடித்தான். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்.

"ரெண்டு நிமிசம் அத்தே. ஒண்ணுமில்ல."

எந்தக் காலடா என்று கேட்க வந்து வாயை மூடிக்கொண்டேன். இருப்பது ஒன்றுதான்.

ரேஷன் கடைப் படியில் உட்கார்ந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாகச் சொல்லித் தேய்ந்த பேச்சை அன்றைக்கு நான் எடுக்கவே இல்லை. வலி விட்டது என்பது அவன் தோள் இறங்கியதில் தெரிந்தது. எழுந்துகொள்வான் என்று பார்த்தேன். எழவில்லை. அந்தக் கெண்டைக்காலையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறத்தியார் வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல.

"ஆட்டோ கூப்புடு" என்றான். "ஊட்டுக்கு இல்ல."

அறுவை முடிந்து மறுநாள் டாக்டரம்மா வந்து கட்டைப் பார்த்தார். முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கட்டு, அவ்வளவுதான். பாதத்தில் விரல் வைத்து, அழுத்தச் சொல்லி, விடச் சொல்லி, சிரித்தார். அழுத்தினாலும் துடிப்பு நிற்கவில்லையாம். இரண்டொரு நாளில் வீட்டுக்குப் போகலாம், புண் ஆறினதும் நடக்கலாம் என்றார்.

"இன்னா பண்ணீங்க டாக்டர்?" என்று கேட்டான்.

"அந்தத் தசைய அறுத்து விட்டோம். குழாய் நல்லா இருந்துச்சு."

"இவ்ளோதானா?"

"இவ்வளவுதான்."

அவன் புதுக் கட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு போர்வைக்குள் முட்டிக்குக் கீழே முடிந்துபோகிற வலது பக்கத்தைக் கையால் தொட்டுக் காட்டினான். "இதுக்கும் ஆரம்பத்துலயே வந்திருந்தா இவ்ளோதானா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். விஜியைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் சொல்லவில்லை, அதற்காக அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

"இவ்வளவுதான் ஜெகதீசன்" என்றார்.

விஜி கையிலிருந்த டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் நடை வராந்தாவின் கோடி வரைக்கும் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நான் அவன் நெற்றியில் கை வைத்தேன். தட்டிவிட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு மட்டும் ஆடியது. நான் அங்கேயே நின்றேன். எங்கே போவது?

வெகுநேரம் கழித்து, திரும்பாமலே சொன்னான்:

"அவள இட்டுக்கினு வா அத்தே. ஒண்டியா ஒக்காந்துகினு அழுவா."

நான் போனேன்.